பூனைக்கு அஞ்சுதல்: ஒரு சொற்பாடம்

நம் தமிழ் மன்றக் கூட்டங்களில் ‘வாரம் ஒரு சொல்’ என்னும் பகுதி உண்டு என்பதை அன்பர்கள் அறிவர். ஒவ்வொரு வாரமும் ஒருவர் எழுந்து, ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பிறப்பு, பொருள், வழக்கு ஆகியவற்றைக் கால்மணி நேரம் விளக்குவார். சென்ற ஆண்டு என் முறை வந்தது. பிறர் கேட்டிராத சொல் ஒன்றைச் சொல்லி எல்லோரையும் வியக்கவைக்க வேண்டும் என்னும் ஆசை எனக்கு. ஆங்கில அகராதியைப் புரட்டினேன். ‘அய்லூரோபோபியா’ என்னும் சொல் கண்ணில் பட்டது. பூனையைக் கண்டு அஞ்சுதல் என்பது அதன் பொருள்.

நான் எதிர்பார்த்தவாறே அவை சிரித்தது. புலிக்கு அஞ்சலாம், பாம்புக்கு அஞ்சலாம். பூனைக்கும் ஒருவன் அஞ்சுவானோ, அதற்கும் ஒரு சொல் வேண்டுமோ என்று நானும் வேடிக்கையாகவே பேசினேன். முதலாண்டு மாணவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அவர் சிரிக்காத காரணம் அன்று எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து அது மெஸ்ஸில் வெளிப்பட்டது. நம் மெஸ்ஸின் சமையற்கட்டை ஒட்டி இரண்டு பூனைகள் வாழ்கின்றன. வடநாட்டு நண்பர்கள் ‘பில்லி, பில்லி’ என்று அழைத்து அவற்றுக்கு ரொட்டித் துண்டு இடுவார்கள். அவற்றுள் சாம்பல் நிறப் பூனை அன்று எங்கள் மேசைக்கு அடியில் வந்தது. அந்த மாணவர் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். முகம் வெளுத்திருந்தது, கை நடுங்கியது. “பசியில்லை அண்ணா” என்று என்னிடம் சொல்லிவிட்டு விரைந்து வெளியேறினார். “அய்லூரோ போகிறார், வழி விடுங்கள்!” என்றான் ஒருவன். மேசையே சிரிப்பால் அதிர்ந்தது. அன்று முதல் அதுவே அவருக்குப் பெயராயிற்று. பெயரைச் சூட்டியவன் வேறொருவன். அதற்குச் சரக்குக் கொடுத்தவன் நான். நானும் அப்பெயரால் அவரை அழைத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அதன்பின் நிகழ்ந்தவை அச்சொல்லை மீண்டும் முதலிலிருந்து கற்குமாறு என்னைச் செய்தன. அவ்வாறு கற்றதையே இங்கு எழுதுகிறேன். அந்த மாணவரின் இசைவு பெற்றே எழுதுகிறேன், பெயரைக் குறிக்கவில்லை.

சொல்லின் பிறப்பு

அய்லூரோபோபியா என்பது கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்து அமைத்த சொல். ‘அய்லூரோஸ்’ என்றால் பூனை. ‘போபோஸ்’ என்றால் அச்சம்.

அய்லூரோஸ் பழைய சொல். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெரோடோட்டஸ், தம் வரலாற்று நூலின் இரண்டாம் பகுதியில் எகிப்து நாட்டைப் பற்றி எழுதுமிடத்தில் இச்சொல்லை வழங்குகிறார். எகிப்தியர் பூனையைப் பெரிதும் போற்றினர் என்றும், வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் புருவத்தை மழித்துக்கொண்டனர் என்றும், இறந்த பூனைகளைப் புபாஸ்டிஸ் நகரில் அடக்கம் செய்தனர் என்றும் அவர் கூறுகிறார். பூனை அச்சத்தைக் குறிக்கும் சொல்லின் முற்பகுதி, பூனையை வணங்கிய மக்களைப் பற்றிய நூலில் காணப்படுவது நினைவிற்கொள்ளத்தக்கது.

அசையும் வாலை உடையது என்பதால் அய்லூரோஸ் என்று பெயர் வந்தது எனப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. ‘அயோலோஸ்’ என்றால் விரைந்து அசைவது. ‘ஊரா’ என்றால் வால். கேட்க இனிமையாக இருப்பினும், இக்கால மொழிநூலார் இதனை முடிந்த முடிபாகக் கொள்வதில்லை. ஓசை ஒத்திருப்பது ஒன்றையே கொண்டு சொற்பிறப்பு கூறலாகாது. இவ்வெச்சரிக்கை பின்னர் நமக்கும் பயன்படும்.

இச்சொல்லை விலங்கு நூலாரும் எடுத்துக்கொண்டனர். டார்ஜிலிங், சிக்கிம், அருணாசலப் பகுதிகளின் மலைக்காடுகளில் வாழும் சிவப்புப் பாண்டாவுக்கு 1825-இல் பிரெடெரிக் கூவியே இட்ட பெயர் ‘அய்லூரஸ் புல்கென்ஸ்’, அதாவது ஒளிரும் பூனை. சீன நாட்டுப் பெரிய பாண்டாவின் இனப்பெயர் ‘அய்லூரோபோடா’. பூனைக்காலுடையது என்பது பொருள். இரண்டுமே பூனை அல்ல. விடுமுறையில் டார்ஜிலிங் உயிர்க்காட்சிச் சாலைக்குப் போகும் அன்பர்கள் பெயர்ப் பலகையில் இச்சொல்லின் முற்பாதியைக் காணலாம்.

இனிப் பிற்பாதி. ஹோமர் காலத்துக் கிரேக்கத்தில் போபோஸ் என்பது வெறும் மனநடுக்கத்தைக் குறித்ததன்று. போர்க்களத்தில் அஞ்சிப் புறங்கொடுத்து ஓடுதலைக் குறித்தது. போர்க்கடவுளான ஏரிசின் மகனுக்கும் போபோஸ் என்றே பெயர். 1877-இல் ஏசப் ஹால் என்னும் வானியலார் செவ்வாய்க் கோளின் இரு துணைக்கோள்களைக் கண்டறிந்தபோது, ஒன்றுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. அச்சத்தோடு ஓட்டமும் இச்சொல்லின் வேரிலேயே இருக்கிறது. நம் மாணவர் தட்டை விட்டு எழுந்து ஓடியதை நினைத்துப் பாருங்கள். நாங்கள் நகைத்த அந்த ஓட்டமே சொல்லின் முதற்பொருள்.

பூனை அச்சத்தைக் குறிக்க ‘பெலினோபோபியா’ என்னும் சொல்லும் உண்டு. அதில் முற்பாதி இலத்தீன், பிற்பாதி கிரேக்கம். ஆகவே இரு மொழி கலந்த கூட்டுச்சொல் அது. அய்லூரோபோபியாவில் இரு பாதியும் கிரேக்கமே. அகராதிகளில் அதுவே மிகுதியாகக் காணப்படுகிறது.

மருத்துவ நூல்களில்

‘போபியா’ என்னும் ஈறு மருத்துவத்தில் நெடுங்காலமாக ‘ஹைட்ரோபோபியா’ என்னும் சொல்லில் வழங்கிவந்தது. வெறிநாய்க் கடியால் வரும் நோயில் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும், அதனால் அப்பெயர். நாம் எடுத்துக்கொண்ட மன அச்சத்தோடு அதனைக் குழப்பலாகாது.

அச்சங்களைப் பெயரிட்டுப் பட்டியலிடும் வழக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர் பெஞ்சமின் ரஷ். அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் 1776-இல் கையெழுத்திட்ட மருத்துவர் அவர். 1786-இல் பாதி விளையாட்டாக எழுதிய கட்டுரை ஒன்றில் பலவகை அச்சங்களைத் தொகுத்தார். அதில் பூனை அச்சமும் இடம்பெற்றது. வீரத்தில் ஐயமில்லாத பெருமக்கள் சிலரும் பூனையைக் கண்டு பின்வாங்கியதைத் தாம் அறிந்திருப்பதாக அவர் கூறுகிறார்.

பின்னர் பிலடெல்பியா நகர மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் 1905-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அய்லூரோபோபியா என்னும் சொல் அதன் தலைப்பிலேயே இருந்தது. பூனையைக் காணாமலும் அதன் ஒலியைக் கேளாமலும், அருகில் பூனை இருப்பதைச் சிலர் உணர்ந்துவிடுகிறார்கள் என்று சொல்லப்படுவது உண்மையா என அவர் ஆராய்ந்தார். வினாத்தாள் அனுப்பிப் பலரிடமிருந்து விடைகளைத் திரட்டினார். அவர் முடிபுகளை எல்லாம் இன்று ஏற்கவேண்டுமென்பதில்லை. ஆயினும், சிரிப்புக்குரியதாகக் கருதப்பட்ட ஒன்றை, துன்பப்படுவோரிடமே கேட்டறிய வேண்டும் என்று அவர் எண்ணியது பாராட்டத்தக்கது. ஒரே மெஸ்ஸில் உண்ட நாங்கள் அதனைச் செய்யவில்லை.

ஷேக்ஸ்பியரும் இதனை அறிந்திருந்தார். ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தின் நீதிமன்றக் காட்சியில், பூனையைக் கண்டால் நிலைதடுமாறுவோர் சிலர் உண்டு என்று ஷைலக் சொல்கிறான். தன் வெறுப்புக்குக் காரணம் சொல்ல இயலாமைக்கு அதனை உவமை காட்டுகிறான். காரணம் சொல்ல இயலாமை என்பதே இங்குக் கருத்து.

நெப்போலியன், அலெக்சாந்தர், சீசர் முதலியோர் பூனைக்கு அஞ்சினர் என்னும் செய்தியைப் பல இடங்களில் படிக்கிறோம். என் மன்றப் பேச்சில் நானும் அதனைச் சொல்லிக் கைதட்டல் பெற்றேன். அவர்கள் காலத்துச் சான்று எதையும் அப்பட்டியல்கள் காட்டுவதில்லை. ஆகவே அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் அறியத்தக்கது. இன்றைய மருத்துவர் தம் குறிப்பில் அய்லூரோபோபியா என்று எழுதுவது அரிது. அமெரிக்க மனநல மருத்துவர் கழகம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டில், ‘குறித்த பொருள் பற்றிய அச்சம்’ என்னும் பெரும் பிரிவும், அதனுள் ‘விலங்கு வகை’ என்னும் உட்பிரிவுமே உள்ளன. நாய்க்கு அஞ்சுவோரும், சிலந்திக்கு அஞ்சுவோரும், பூனைக்கு அஞ்சுவோரும் அந்த ஒரே உட்பிரிவில் அடங்குவர்.

பொருளின் எல்லை

ஒரு சொல்லை அறிவதாவது, அது எதைக் குறிக்கும் என்பதோடு எதைக் குறிக்காது என்பதையும் அறிதலாகும். பூனையை விரும்பாதவர் எல்லோரையும் இச்சொல்லால் குறிக்கலாகாது. நான்கைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, சகுனம். பூனை குறுக்கே போனால் நின்றுவிட்டுப் போவார் நம் ஊரிலும் உண்டு, இவ்வடபுலத்திலும் உண்டு. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்தி, வேறொரு வண்டி முன்னே போகும்வரை காத்திருந்ததை நானே கண்டேன். அவர் அஞ்சியது பூனைக்கன்று, வரப்போகும் தீங்குக்கு. அது மூடநம்பிக்கை, அய்லூரோபோபியா அன்று.

இரண்டாவது, வெறுப்பு. பாலைக் குடித்துவிடுகிறது, மயிர் உதிர்க்கிறது என்று பூனையை விரட்டுவோர் உளர். விரட்டுவதற்கு அருகே போகிறவர் அஞ்சுகிறவர் ஆகார்.

மூன்றாவது, ஒவ்வாமை. பூனை இருக்கும் அறையில் சிலருக்குத் தும்மலும் கண்ணெரிச்சலும் வரும். அது உடலைப் பற்றியது.

நான்காவது, தக்க எச்சரிக்கை. தெருப்பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே கழுவி மருத்துவரிடம் போகவேண்டும். வெறிநோய் பூனையாலும் பரவக்கூடும். அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமை பேதைமை என்பது வள்ளுவர் கருத்து. அவ்வச்சம் அறிவின்பாற்பட்டது.

இந்நான்கும் நீங்கலாக எஞ்சுவதே அய்லூரோபோபியா. பூனையால் வரக்கூடிய தீங்கின் அளவுக்கு மிஞ்சிய அச்சம். வந்துபோவதாக இல்லாமல் பல திங்கள் நீடிக்கும் அச்சம். பூனை இருக்கக்கூடிய இடங்களையே தவிர்க்கச் செய்து, படிப்பையும் உணவையும் பழக்கத்தையும் கெடுக்கும் அச்சம். கையேடு பொதுவாக ஆறு திங்கள் என்று கால அளவும் கூறுகிறது. விலங்கு பற்றிய அச்சங்கள் பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்குகின்றன. அஞ்சுகிறவருக்குத் தம் அச்சம் மிகை என்பது பெரும்பாலும் தெரியும். “பூனை என்ன செய்யும்?” என்று நாம் அவருக்கு எடுத்துச் சொல்வதால் பயன் இல்லாமைக்குக் காரணம் அதுவே. அவர் அறியாததை நாம் சொல்லவில்லை.

தமிழில் பூனையும் அச்சமும்

இவ்வளவும் கற்றபின், தமிழ் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்க்கப் புகுந்தேன்.

பூனைக்குத் தமிழில் பெயர் பல. பூனை என்பது இன்றைய வழக்கு. பூசை என்பது பழைய வழக்கு. பாற்கடலைக் குடித்துத் தீர்க்கப் புகுந்த பூனையைத் தம் அவையடக்கத்தில் உவமையாக்கும் கம்பர் இச்சொல்லையே ஆள்கிறார். மலையாளத்தார் இன்றும் பூச்ச என்கின்றனர். காட்டுப்பூனைக்கு வெருகு என்று பெயர். கன்னடத்தின் பெக்கு இதற்கு உறவுச்சொல். வெருகின் இளமைப் பெயர் குட்டி என்று தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. இற்புலி என்றொரு பெயரும் அகராதியில் உண்டு. இல்லத்துப் புலி என்று விரியும். நமக்கு அது விளையாட்டுப் பெயராகத் தோன்றும். அஞ்சுகிறவருக்கு அஃது உள்ளவாறே உரைத்த பெயர்.

வெருவுதல் என்றால் அஞ்சுதல். வெருகு என்றால் பூனை. இவ்விரண்டையும் முடிச்சுப்போட எனக்கும் ஆசை எழுந்தது. ஆனால் கிரேக்கப் பூனையின் வாலிடத்தில் கற்ற எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. ஓசையை மட்டும் நம்பிச் சொற்பிறப்பு கூறல் தகாது. ஆகவே அம்முடிச்சைப் போடாமல் விடுகிறேன்.

அச்சத்தைத் தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். அது பிறக்கும் நிலைக்களம் நான்கு என்றும் வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. விலங்கு அச்சத்துக்குத் தனி இடம் தந்ததைக் காண்க. மெய்ப்பாடு என்னும் சொல்லையும் எண்ணுக. மனத்தில் எழுவது மெய்யின்கண் தோன்றுவது மெய்ப்பாடு. வெளுத்த முகமும் நடுங்கிய கையும் நடிப்பு அல்ல என்பதை இந்த ஒரு சொல்லே எங்களுக்குச் சொல்லியிருக்கும், நாங்கள் கேட்கவில்லை.

இலக்கண மாணவர்க்குச் சுவையான செய்தி ஒன்று. அஞ்சுதல் என்னும் வினை எந்த வேற்றுமையை ஏற்கும்? அச்சப்பொருளில் ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் வரலாம் என்று வேற்றுமை மயங்கியல் கூறுகிறது. பூனையின் அஞ்சினான், பூனையை அஞ்சினான் என்னும் இரண்டும் மரபே. ஐந்தாவது நீங்கலைக் காட்டும். அஞ்சியவன் அதனிடமிருந்து விலகுகிறான் என்பது அங்குத் தொனிக்கிறது. கிரேக்கரின் போபோஸில் கண்ட ஓட்டம் நம் வேற்றுமையுருபிலும் இருக்கிறது. இன்று நாம் நான்காவதை இட்டுப் பூனைக்கு அஞ்சினான் என்கிறோம். அல்லது பூனையைக் கண்டு அஞ்சினான் என்கிறோம். இவற்றுள் பின்னதைக் கருதிப் பார்த்துக் கையாள வேண்டும். காணாமலே அஞ்சுவோர் பலர். கதவுக்கு அப்பால் இருக்குமோ என்னும் நினைவே அவர்களை நடுங்கச் செய்யும்.

சங்கப் பாடலிலும் பூனைக்கு அஞ்சும் காட்சி ஒன்று இருக்கிறது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய குறுந்தொகை 139-ஆம் பாட்டில், மாலைப்பொழுதில் வேலியருகே வெருகினம் வருகிறது. வீட்டுக்கோழி புகும் இடம் அறியாமல் தன் குஞ்சுகளைத் துன்பத்தோடு கூவி அழைக்கிறது. புலவர் அக்கூவலை எதற்கு உவமை ஆக்குகிறார்? தெருவார் பேசும் அம்பலுக்கு, அதாவது பிறர் தம்மைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்ளும் இழிமொழிக்கு. பூனையச்சமும் ஊர்ப்பேச்சும் ஒரே பாட்டில் ஒன்றை ஒன்று தொட்டு நிற்கின்றன. எங்கள் மேசைச் சிரிப்பும் அம்பலே.

ஆனால் நம் பழமொழிகளோ பூனைக்கு அஞ்சும் தொழிலை எலிக்கே விட்டிருக்கின்றன. பூனைக்கு மணி கட்டுவது யார் என்று கலங்குவது எலி. பூனைக்குக் கொண்டாட்டம் என்றால் திண்டாடுவது எலி. ஆகவே பூனைக்கு அஞ்சும் மனிதன் நம் காதுக்கு எலியாகிவிடுகிறான். சிங்கத்துக்கு அஞ்சுகிறவனைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. இங்கு நம் சிரிப்புக்குக் காரணம் அவன் அச்சமன்று; நம் பழமொழி.

வழக்கு

இனி இச்சொல்லை எவ்வாறு வழங்குவது என்பதைக் காண்போம். அய்லூரோபோபியா என்பது அச்சத்தின் பெயர். அய்லூரோபோப் என்பது அஞ்சும் ஆளின் பெயர். அய்லூரோபைல் என்பது பூனையை நேசிப்பவர். சில எடுத்துக்காட்டுகள்:

‘அவருக்கு அய்லூரோபோபியா உண்டு, ஆகவே வேறு வீட்டில் கூடுவோம்.’ இது நல்ல வழக்கு. அச்சத்தைக் குறித்து, அதற்கேற்ப நடக்கச் சொல்கிறது.

‘அவர் ஓர் அய்லூரோபோப்.’ இது பிழையன்று. ஆயினும் ஆளை அச்சமாகவே ஆக்கிவிடுகிறது. காய்ச்சல் உடையவரைக் ‘காய்ச்சல்’ என்று நாம் அழைப்பதில்லை.

‘என் பாட்டி அய்லூரோபோபியாவால் பூனையை அடித்து விரட்டினார்.’ இது பிழை. அது வெறுப்பு அல்லது பாலின்மேல் கொண்ட காவல்.

தமிழில் இதனை எவ்வாறு கூறலாம்? பூனையச்சம் என்பது எளிய சொல். ஆனால் பூனையால் பிறக்கும் அச்சம், பூனை கொள்ளும் அச்சம் என இரண்டுக்கும் இத்தொகை இடம் தரும். நோய்நிலையைக் குறிக்கப் பூனையச்ச நோய் எனலாம். அண்மைக் காலத்தில் போபியா என்பதற்கு வெருளி என்று சொல்லாக்கம் செய்து, பூனை வெருளி என்பாரும் உளர். கட்டுரைக்கும் அகராதிக்கும் இவை ஏற்றவை. ஒருவர் முகத்தெதிரே பேசும்போது வேண்டுவது ‘பூனை என்றால் உங்களுக்குப் பயமா?’ என்னும் நான்கு சொற்களே. இதனை அவரிடம் முதலில் கேட்க எனக்கு ஒன்றரைத் திங்கள் ஆயிற்று.

அந்த மாணவர்

அந்த ஒன்றரைத் திங்களில் நடந்தது இது. அவர் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தினார். பிஸ்கட்டும் வாழைப்பழமும் வாங்கி அறையில் உண்டார். மன்றக் கூட்டத்துக்கும் வருவதில்லை. ஒருநாள் மாலை யாரோ ஒருவர் விளையாட்டாக ஒரு பூனைக்குட்டியை அவர் அறைக்குள் விட்டு வெளியே தாழிட்டுவிட்டார். இரண்டு நிமிடத்துக்குமேல் இராது. கதவைத் திறந்தபோது அவர் மேசைமேல் ஏறி, சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

இரவு அவரைத் தேநீர்க் கடையில் கண்டேன்.

“ஊருக்குப் போகலாம் என்றிருக்கிறேன் அண்ணா. படிப்பு வேண்டாம்” என்றார்.

“பூனை என்றால் உங்களுக்குப் பயமா, தம்பி?” என்று அப்போதுதான் கேட்டேன்.

“ஐந்து வயதிலிருந்தே உண்டு. ஏன் என்று தெரியாது. எனக்கு மட்டும் இருக்கும் பைத்தியம் என்று நினைத்திருந்தேன். அதற்கு ஒரு பெயர் உண்டு என்று நீங்கள் மன்றத்தில் சொன்னீர்கள். பெயர் இருந்தால் இன்னும் பலருக்கும் இருக்கவேண்டுமே என்று அன்றைக்கு ஒரு நிமிடம் மகிழ்ந்தேன். கூட்டம் முடிந்ததும் உங்களிடம் வந்து கேட்கலாம் என்றிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், வரவில்லை.”

அச்சொல் அவருக்கு ஒரு கதவாக இருந்திருக்கிறது. அதை அடைத்தவன் நான். மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் இருவருமாகப் பல்கலைக்கழக நலநிலையத்தின் மனநல ஆலோசகரிடம் சென்றோம்.

ஆலோசகர் கூறிய முறையைப் பின்னர் நூலகத்தில் படித்து அறிந்தேன். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் 1940-களில் ஜோகன்னஸ்பர்க்கில் ஆய்வு செய்தார். அவர் ஆராய்ந்த உயிர் எது? பூனையே! கூண்டில் மின்னதிர்ச்சி பெற்ற பூனைகள் அக்கூண்டில் உணவைத் தொட மறுத்தன. அக்கூண்டு இருந்த அறையை ஒத்த அறைகளிலும் உண்ண மறுத்தன. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்று நாம் சொல்வதில்லையா? வோல்ப் அப்பூனைகளுக்கு முதலில் அவ்வறையை ஒவ்வாத வேறோர் இடத்தில் உணவிட்டார். பின்னர்ச் சற்றே ஒத்த இடத்தில், அதன்பின் இன்னும் ஒத்த இடத்தில் என்று படிப்படியாக அருகே கொணர்ந்தார். இறுதியில் அவை அக்கூண்டிலேயே உண்டன. இதனை மக்களுக்கும் பயன்படுத்தி 1958-இல் நூல் வெளியிட்டார். 1960-இல் பிரீமன், கென்ட்ரிக் என்னும் இருவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், பூனைக்கு அஞ்சிய ஒரு பெண்மணிக்கு இவ்வகை மருத்துவம் செய்ததை எழுதினர். சிறுமியாக இருந்தபோது தந்தை ஒரு பூனைக்குட்டியை நீரில் அமிழ்த்திக் கொன்றதைக் கண்டது அவர் நினைவில் இருந்தது. பூனை மயிரைச் சிறிது சிறிதாக ஒத்துவரும் துணிகள், பின்னர்ப் பொம்மை, படம், அதன்பின் உயிருள்ள குட்டி என்று முறையாகப் பழக்கினர். அச்சம் தணிந்தது.

அஞ்சிய பூனைகளிடம் கற்ற முறை, பூனைக்கு அஞ்சிய மனிதருக்கு மருந்தாயிற்று.

நம் மாணவர் ஆலோசகரின் சொற்படி ஒரு பட்டியல் எழுதினார். மிகக் குறைந்த அச்சம் தருவது கீழே, மிகுந்தது மேலே. முதற்படி, ‘பூனை’ என்னும் சொல்லைத் தாளில் எழுதிப் பார்ப்பது. அடுத்தது கோட்டோவியம், பின்னர்க் கைப்பேசியில் படம், அதன்பின் ஓசையுடன் கூடிய காட்சி, பிறகு மாடிச் சன்னலிலிருந்து மெஸ் வாயிலைப் பார்ப்பது. ஒரு படியில் நெஞ்சத் துடிப்பு அடங்கும்வரை அடுத்த படிக்கு ஏறுவதில்லை. ஏறும் நேரத்தை அவரே முடிவு செய்தார். தாழிட்டவர் செய்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆகவே இதனைப் படித்துவிட்டு யாரும் நண்பர்மேல் தாமாகச் சோதித்துப் பார்க்க வேண்டா. முறை அறிந்தவர் துணை வேண்டும்.

உணவுத் தட்டை அவர் முதலில் மெஸ்ஸின் வெளித் திண்ணையில் வைத்து உண்டார். பிறகு வாயிலை அடுத்த மேசையில். ஒவ்வொரு நாளும் எங்களுள் ஒருவர் துணைக்கு உடன் அமர்ந்து உண்டோம். பட்டப்பெயரைச் சூட்டியவரும் முறைபோட்டு வந்து அமர்ந்தார். நான்கு திங்கள் கழிந்தன. இன்று அவர் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுகிறார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும்; ஆனால் அது பொய். பூனை அருகே வந்தால் இப்போதும் பேச்சை நிறுத்திவிடுகிறார். கை தட்டின் விளிம்பைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் எழுந்து ஓடுவதில்லை. சோற்றை உண்டு முடித்தே எழுகிறார்.

அன்பர்களே, நம் விடுதிகளில் எண்ணூறு கல், ஆயிரம் கல் கடந்து வந்து படிக்கிறோம். ஒருவருக்குப் பூனை, இன்னொருவருக்கு மின்தூக்கி, வேறொருவருக்கு மேடை. வீட்டில் தாயிடம் சொல்லக்கூடியதை இங்கே சொல்ல ஆளில்லை. நலநிலையத்துக்குப் போகத் தயங்குவோர், மைய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண்ணாகிய 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அதற்கும் முன்னே, பக்கத்து அறையில் இருக்கும் நாம் கேட்கலாம்.

‘வாரம் ஒரு சொல்’ பகுதியில் அடுத்த முறை பேசப்போகிறவர் அந்த மாணவரே. என்ன சொல் என்று கேட்டேன். “வெருகு” என்றார். அனைவரும் வருக.